முதுகுக்குப் பின்னாடி வைகை, முன்னாடி மானாவாரி: சாப்டூர், எழுமலை பக்கம் ஏன் இப்படி இருக்கு?

மேப்ல மதுரை மாவட்டத்த எடுத்து அப்படியே தென்மேற்கு மூலைக்கு நகட்டிப் பாருங்க. திருமங்கலம் தாண்டி, டி.கல்லுப்பட்டி தாண்டி, பேரையூருக்கு மேக்க போகப் போக ஊர்ப்பேரு ஒவ்வொன்னா கொறைஞ்சுக்கிட்டே வரும், ரோடு மெலிசாகும், அப்பறம் பச்சையா ஒரு மலை வந்து எல்லாத்தையும் நிப்பாட்டிரும். சாப்டூர், எம்.கல்லுப்பட்டி, மல்லப்புரம், எழுமலை, இந்த வரிசைதான் எங்க பக்கம். மதுரைல வேலை பாக்கறப்ப ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் ஒரு தடவ எங்க ஊருக்கு வந்துட்டுப் போனா கேக்கற மொத கேள்வி, "என்னடா, ரெண்டு ஊருக்கு நடுவுல ஆளே இல்ல, ஆடுதான் இருக்கு, இம்புட்டு எடம் ஏன் சும்மா கெடக்கு?"ங்கறதுதான். நியாயமான கேள்விதான். 2011 சென்சஸ் படி மதுரை மாவட்டத்துல 30 லட்சத்து 38 ஆயிரம் பேரு, சதுர கிலோமீட்டருக்கு 800 பேருக்கு மேல. ஆனா அதுல பத்துல ஆறு பேரு டவுன்ல இருக்காங்க, அந்த சராசரிக்கும் எங்க மலையடிவாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. வறட்சியான ஊரு, படிக்காத ஊரு, அதான் காலியா கெடக்குன்னு ஈசியா சொல்லிட்டுப் போயிர்றாங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பல. இந்த எடம் இப்படி இருக்கறதுக்கு காரணம் அந்த மலை வளைஞ்சு நிக்கற விதம், அத ஒழுங்கா ஒரு தடவ எழுதி வச்சிரணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

மொதல்ல மலையோட உருவத்த சொல்லிர்றேன். மேற்குத் தொடர்ச்சி மலை தெக்குவடக்கா நீளமா போகுதுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேக்க அதுல இருந்து ஒரு கிளை பிரிஞ்சு வடகிழக்கா நீண்டு வருது, அதத்தான் வருசநாட்டு மலை, ஆண்டிபட்டி மலைன்னு சொல்றாங்க. அந்தக் கிளைக்கும் மேகமலைக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தாக்குதான் வருசநாடு. வைகை பொறக்கறது அந்தப் பள்ளத்தாக்கோட தலைமாட்டுல, அங்க அதுக்குப் பேரே மூல வைகை. பொறந்த ஆறு நேரா கிழக்க எங்களப் பாத்து வர முடியாது, குறுக்க மலை நிக்குது. அதுனால அது வடக்க ஓடி, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு எல்லாம் தாண்டி, தேனி பக்கம் முல்லைப்பெரியாத்துத் தண்ணியையும் சேத்துக்கிட்டு வைகை அணைக்குள்ள போயி, மலையோட வடக்கு முனைய சுத்திக்கிட்டு திரும்பி தென்கிழக்கா சோழவந்தான் வழியா மதுரைக்கு வருது. 1895-ல பென்னிகுவிக் கட்டி முடிச்ச பெரியாறு அணைத் தண்ணியும் மலைய குடைஞ்ச சுரங்கம் வழியா வந்து இதே சுத்துப்பாதையிலதான் போகுது, மேலூர் வரைக்கும் வாய்க்கா பாயுது. அந்த ஆறு பொறக்கற மலைக்கு இந்தப் பக்கம் சாஞ்சு உக்காந்திருக்கற எங்களுக்கு அதுல ஒரு சொட்டு எட்டாது. மல்லப்புரத்துல நின்னு மேக்க பாத்தா, அந்த மலைக்கு நேர் பின்னாடி மயிலாடும்பாறையில மூல வைகை ஓடிக்கிட்டு இருக்கும். மேலூர்க்காரங்க மேல எங்களுக்கு கோவம் இல்ல, மலை அப்படி வளைஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

மழையும் இதே கததான். ஜூன்ல ஆரம்பிக்கற தென்மேற்குப் பருவக்காத்து கேரளாப் பக்கம் மலையில ஏறறப்பவே ஈரத்த பூரா இடுக்கிலயும் தேக்கடிலயும் கொட்டிருது, மிச்சம் மீதி இருக்கறத மேகமலை வாங்கிக்கும், அதையும் தாண்டி வருசநாட்டு மலைல ஏறி எங்க பக்கம் எறங்கறப்ப அது வெறும் காஞ்ச காத்து. ஆடி மாசம் எங்க ஊர்ல நின்னு பாத்தா மலை உச்சில கருகருன்னு மேகம் உக்காந்திருக்கும், நமக்கு கண்ணுல மண்ணு அடிக்கும். எங்க மாமா ஒருத்தர் கண்மாய்ல (ஏரிய எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வயலுக்குத் தண்ணி தொறந்து விடற நீர்பாய்ச்சியா ரொம்ப வருசம் இருந்தவரு, சின்ன வயசுல அவருகிட்ட "ஏன் மாமா, மேகம் இம்புட்டு பக்கத்துல இருக்கு, இங்கிட்டு வராதா?"ன்னு கேட்டா, "மழை மலைக்கு அங்கிட்டு பேயுது மாப்ள, இடி மட்டும் நமக்கு"ம்பாரு. மழை மறைவுப் பிரதேசம்னு புக்குல ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கறத அவரு ஒத்த வரில சொல்லிட்டாரு. எங்களுக்கு வெள்ளாமைய முடிவு பண்றது சித்திரை வைகாசி கோடை மழையும், ஐப்பசி கார்த்திகை வடகிழக்கு மழையும்தான். அதுலயும் ஐப்பசி மழை கடலோரத்துல பேஞ்சுட்டு இம்புட்டு தூரம் உள்ள வர்றதுக்குள்ள தெம்பு கொறைஞ்சிருது. ரெண்டு பருவக்காத்துக்கும் நாங்க கடைசி வீடு.

ஆனா மலை மேல பேயற மழை கொஞ்சம் எங்க பக்கமும் வழியும், அத வச்சுத்தான் இந்த ஊருங்களே உருவாயிருக்கு. மலையில இருந்து கிழக்க எறங்கற ஓடைங்க எல்லாம் வருசத்துல பத்துப் பதினஞ்சு நாள் ஓடுனா பெருசு, மத்த நாள் பூரா வெறும் மணலு. அதுல தண்ணி வர்றத நேர்ல பாத்திருக்கீங்களா? ஒரு ஐப்பசி சாயங்காலம் நானும் என் தம்பியும் ஓடைக் கரையில நிக்கறோம், எங்க தலைக்கு மேல வானம் வெளேர்னு இருக்கு, தூத்தல் கூட இல்ல. மலைல மட்டும் மின்னுது. கொஞ்ச நேரத்துல காஞ்ச சருகும் பச்சை மண்ணும் கலந்த ஒரு வாசம் மொதல்ல வருது, அப்பறம் மெத்துன்னு ஒரு சத்தம், அப்பறம் மணல் மேல நொரையும் குச்சியும் ஆட்டுப் புழுக்கையும் சருகும் ஒரு சுருள் மாதிரி உருண்டு வருது, அதுக்குப் பின்னாடிதான் தண்ணி, செம்பழுப்பா, மொதல்ல கணுக்கால் அளவு, திரும்பிப் பாக்கறதுக்குள்ள இடுப்பளவு. ராத்திரி சாப்பிட்டு வந்து பாத்தா வேகம் அடங்கிருச்சு, மறுநாள் காலைல அங்கங்க குட்டைதான். அந்த நாலஞ்சு மணி நேரத்துல யாரு கண்மாய்க்கு தண்ணிய திருப்புனாங்களோ அவங்களுக்கு அந்த வருசம் சோறு. திருப்ப விட்டுட்டா அது கவுண்டமாநதி மாதிரி சின்ன ஆறுகள்ல விழுந்து கடைசில குண்டாத்துல சேந்து, திருமங்கலம், கமுதின்னு போயி மன்னார் வளைகுடால கலந்துரும். இந்த வேகம் ஆபத்தானதும் கூட. 2015 மே மாசம் சதுரகிரி மலைக்கோயில் பக்கம் காட்டாத்து வெள்ளம் வந்து பக்தர்கள் உயிர் போனது இதே மாதிரி திடீர் வெள்ளத்துலதான், அதுக்கப்பறம்தான் மலையேற இத்தன நாள், இத்தன மணின்னு கட்டுப்பாடு கடுமையாச்சு.

சதுரகிரின்னதும் ஒன்னு சொல்லணும். எல்லாரும் வத்திராயிருப்பு போயி தாணிப்பாறை வழியா ஏறறதால அது விருதுநகர் மாவட்டத்துக் கோயில்னு நெனைக்கிறாங்க, கோயில் இருக்கற எடம் எங்க சாப்டூர் பக்கத்து காடு, மதுரை மாவட்டம், பேரையூர் தாலுகா. சாப்டூர் வாழைத்தோப்பு வழியாவும் ஏறலாம், வருசநாட்டுப் பக்கம் உப்புத்துறைல இருந்தும் பாதை உண்டு. மூணு மாவட்டத்துக்காரங்க மூணு பக்கமா ஏறி ஒரே எடத்துல சேர்றாங்க, ஆனா கீழ எறங்குனா ஒரு பக்கத்து ஆளுக்கு இன்னொரு பக்கத்து ஊரு பேரு கூட தெரியாது. ஆடி அமாவாசைக்கு மட்டும் ஊரு பூரா கூட்டம், மறுவாரம் பழையபடி ஆள் நடமாட்டமே இருக்காது.

மண்ணு எப்படின்னா, மலைய ஒட்டி சரளையும் கல்லும், கொஞ்சம் கீழ எறங்குனா செவக்காடு, இன்னும் கிழக்க பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் போனா கரிசல். சரளைல மாந்தோப்பு, இலவமரம், கெணத்துல தண்ணி இருக்கறவங்களுக்கு தென்னை. செவக்காட்டுல கடலை, தட்டாம்பயறு, கொள்ளு, கரிசல்ல பருத்தி, சோளம், குதிரைவாலி. இப்ப டவுன்ல ஹெல்த்துன்னு சொல்லி கிலோ என்ன வெலைக்கு வித்தாலும் வாங்குறாங்களே குதிரைவாலி, அதுக்கு எங்க பக்கம்தான் பேரு போனது, ஏன்னா ரெண்டு மழை கெடச்சாலே அது வெளஞ்சிரும். அடில பூரா கடும்பாறைங்கறதால நெலத்தடித் தண்ணி பாறை வெடிப்புல மட்டும்தான் நிக்கும், ஒரு வெடிப்புல ஊத்து அடிச்சா பக்கத்து காட்டுல இருவதடி தள்ளி ஒன்னும் இருக்காது. எங்க பக்கத்து காட்டுக்காரரு போர் போட்டப்ப நான் கூட நின்னேன், எண்ணூறு அடி தாண்டியும் வெள்ளையா பாறைப் புகைதான் கெளம்புச்சு, வண்டிக்காரங்க கம்பிய உருவறப்ப அவரு வேப்பமரத்தடில போயி உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல.

அப்ப ஊருங்க ஏன் தூரந்தூரமா இருக்குன்னா, ஒரு கண்மாய்க்கு எவ்வளவு மேட்டு நெலத்து ஓடைத் தண்ணி வேணுமோ அவ்வளவு எடம் காலியாத்தான் கெடக்கணும். நீங்க பஸ்ல போறப்ப ரெண்டு ஊருக்கு நடுவுல "சும்மா" கெடக்குன்னு பாக்கறது பூரா கீழ ஒரு கண்மாயோட வரத்து, அதாவது அதுக்குத் தண்ணி வந்து சேர்ற எடம். அங்க வீட்டக் கட்டி, ரோட்ட மேடாக்கி, வரத்துக்காலை மூடிட்டா கீழ ஊருக்குத் தண்ணி இல்ல. மேல் கண்மாய் பெருகி, மிச்சத் தண்ணி மறுகால் வழியா வெளிய பாஞ்சாத்தான் அடுத்த கண்மாய்க்கு தண்ணி, அது பெருகுனா அதுக்கடுத்தது, இப்படி சங்கிலி மாதிரி. மேல ஒருத்தன் மறுகாலை ஒரு சாண் ஒசத்திட்டா கீழ மூணு ஊரு காயும், எங்க பக்கத்து பழைய சண்டைங்க பாதி இதுலதான் ஆரம்பிச்சிருக்கும். இப்ப அந்த காலி எடத்துலயும் கண்மாய் உள்வாய்லயும் சீமைக்கருவேல் அடைச்சுக்கிட்டு நிக்குது. அத வெட்டி கரி மூட்டம் போட்டு பொழைக்கிற குடும்பங்களும் இருக்கு, அதுனால ஒரேயடியா அழிச்சிரலாம்னு டவுன்ல இருந்து சொல்றது சுலபம், அங்க இருக்கறவங்களுக்கு அது கஷ்டம்.

கவர்மெண்ட் ஒன்னுமே செய்யலன்னு சொல்லமாட்டேன். உசிலம்பட்டி பக்கத்து ஊருங்களுக்கு வைகை அணைல இருந்து 58 கிராம கால்வாய்னு ஒன்னு வெட்டுனாங்க, எத்தனையோ வருசப் போராட்டம் அது, 2018-ல சோதனை ஓட்டமா தண்ணி விட்டப்ப ஊர்ஊரா மக்கள் பூத்தூவி வரவேத்தாங்க. ஆனா அணையோட முழு உயரம் 71 அடி, அதுல தண்ணி 67 அடி தாண்டுனாத்தான் இந்தக் கால்வாய்க்கு ஏறும். நல்ல மழை வருசத்துல மட்டும் வர்ற தண்ணி அது. அதுவும் மலையோட வடக்கு முனைய ஒட்டிய ஊருங்களுக்குத்தான், தெக்க சாப்டூர் பக்கத்துக்கு அது வராது. காவிரி வைகை குண்டாறு இணைப்புக்கு 2021-ல அடிக்கல் நாட்டுனாங்க, குண்டாறுன்னு பேரு இருக்கறதால எங்க ஊர்ல சில பேரு நமக்கும் வந்துரும்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. அந்தக் கால்வாய் வந்து சேரப்போறது குண்டாத்தோட கீழ்ப்பகுதில. நாங்க இருக்கறது அது ஆரம்பிக்கற மேட்டுல, தண்ணி மேட்டுக்கு ஏறாது. எங்களுக்கு வழின்னா அது ஓடையும் வரத்துக்காலும் கண்மாயும்தான், அதச் சரி பண்றதுக்கு ஆகற செலவு இந்தப் பெரிய திட்டங்கள வச்சுப் பாத்தா ரொம்பக் கம்மி.

ரோடும் ரயிலும் கூட தண்ணி மாதிரியே எங்கள சுத்திக்கிட்டுத்தான் போகுது. மதுரைல இருந்து மேக்க போற நேஷனல் ஹைவே உசிலம்பட்டி போயி, மலை தாழ்ந்து வழி விடற ஆண்டிபட்டி கணவாய்ல நுழைஞ்சு தேனி, மூணாறுன்னு போயிருது. போடி ரயிலும் அதே கணவாய் வழிதான், அகலப்பாதை ஆனதுக்கப்பறம் 2022-ல தேனி வரைக்கும் 2023-ல போடி வரைக்கும் ஓட ஆரம்பிச்சிருச்சு. இன்னொரு ஹைவே திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்னு தெக்க எறங்குது. கவட்டை மாதிரி விரிஞ்சு போற இந்த ரெண்டு ரோட்டுக்கும் நடுவுல, மேக்க மலை அடைச்ச முக்கோணம்தான் நாங்க. எங்க வழியா எங்கயும் போக முடியாது, அதுனால எங்க ஊருக்கு வர்றவங்க எங்க ஊருக்குன்னே வந்தாத்தான் உண்டு. மலைய நேரா தாண்டறதுக்கு மல்லப்புரத்துல இருந்து தாழையூத்து வழியா மயிலாடும்பாறைக்கு ஒரு மலைரோடு இருக்கு. பைக்ல ஒரு தடவ போயிருக்கேன், ஒரு பக்கம் ஏறறப்ப காஞ்ச உசிலை மரமும் கள்ளியும், உச்சில திரும்புனா அங்கிட்டு கீழ வருசநாட்டுத் தென்னந்தோப்பு பச்சைப்பசேல்னு விரிஞ்சு கெடக்கு, ஒரே மலை, ரெண்டு முகம். எங்க ஊர்ப் பொம்பளைங்க அங்க கட்டிக்குடுத்தவங்க நெறைய பேரு, நல்லது கெட்டதுக்கு அந்த ரோடு இல்லாட்டி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி சுத்தித்தான் போகணும்.

எப்பவுமே இது ஒதுக்குப்புறமா இருந்துச்சான்னா அப்படியும் சொல்ல முடியாது. மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்கள எடுத்துக்கிட்டா சாப்டூர், பேரையூர், எழுமலை, தொட்டப்பநாயக்கனூர், உத்தப்பநாயக்கனூர்னு இந்த மலையடிவாரத்துல வரிசையா இருக்கு. மலைப் பாதைய காவல் காக்கறவனுக்கு அன்னைக்கு இது முக்கியமான எடம். கணவாய்ல நல்ல ரோடும் ரயிலும் வந்ததுக்கப்பறம்தான் நடைபாதைங்க செத்து, இது ஓரமாச்சு. வெள்ளைக்காரன் காலத்துல பிறமலைக் கள்ளர் மக்கள குற்றப் பரம்பரைச் சட்டத்துல அடைச்சு, ரேகை வச்சாகணும், ராத்திரில ஊர விட்டு வெளிய போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டப்ப, அத எதுத்து நின்ன பெருங்காமநல்லூர் இதே பேரையூர் தாலுகாவுல இருக்கு. 1920 ஏப்ரல் 3-ந் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டுல 16 பேரு செத்தாங்க, அதுல மாயக்காள்ங்கற ஒரு பெண்ணும் உண்டு. மானாவாரி மண்ணுல மழை பொய்ச்சா ஆளு வேலை தேடி வெளிய போயே ஆகணும். அந்தப் போக்குவரத்தையே குத்தம்னு சொன்ன சட்டம் அது. 1947-லதான் மெட்ராஸ் மாகாணத்துல ரத்தாச்சு.

இப்ப யாரும் தடுக்கறதில்ல, அதுனால எல்லாரும் போயிட்டாங்க. முறுக்குக் கம்பெனி, ஸ்வீட் ஸ்டால்னு வடநாட்டுக்கு ஒரு கூட்டம், திருப்பூருக்கு ஒரு கூட்டம், சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்கு தெனம் வேன்ல போயிட்டு வர்றவங்க ஒரு கூட்டம். ஊர்ல மிச்சம் இருக்கறது பெருசுங்களும் ஆடு மாடும். மலைமாடுன்னு எங்க பக்கத்து மாடு, கட்டையான ஒடம்பு, உறுதியான குளம்பு, கட்டுத்தறில தீனி வச்சு வளத்த மாடு இல்ல, மலைல மேஞ்சு பட்டில அடையற மாடு. 1988-ல இருந்தே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சாம்பல் அணில் சரணாலயம் இருந்துச்சு, 2021-ல மேகமலையையும் சேத்து புலிகள் காப்பகமா அறிவிச்சாங்க. 2022-ல ஹைகோர்ட்டு காட்டுக்குள்ள மேய்க்கத் தடை போட்டு, அப்பறம் அத சரணாலயம், புலிகள் காப்பகம் வரைக்கும்னு கொறச்சுச்சு, எங்க காடு அதுக்குள்ளதான் வருது. காடு காப்பாத்தப்படணும்ங்கறதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல, மலைல காடு இருந்தாத்தான் எங்க ஓடைல தண்ணி. ஆனா அடிவாரத்துல தேனும் நெல்லியும் கடுக்காயும் எடுத்துப் பொழைக்கிற பளியர் மக்களயும், நாலு தலைமுறையா மாடு ஏத்துனவங்களயும் கூப்பிட்டு உக்காத்தி வச்சுப் பேசாம அத செய்யறது தப்பு. மாட்ட வித்துட்டு போனவங்க திரும்ப வந்து மாடு வாங்குனத நான் பாக்கல. அவங்க விட்டுட்டுப் போன வெள்ளாமைக் காட்டுல இப்ப காட்டுப்பன்னியும் மயிலும்தான் வெள்ளாமை எடுக்குது.

ஆளு கொறையறதால வர்ற பெரிய சிக்கல் கணக்குல இருக்கு. பஸ்ஸு, ஸ்கூலு, ஆஸ்பத்திரி எல்லாம் இத்தன தலைக்கு ஒன்னுன்னு கணக்குப் போட்டுத்தான் வருது. டவுன்ல அந்தக் கணக்கு சரி, எங்க பக்கம் தலை கம்மி, தூரம் ஜாஸ்தி. ஒரு ஊர்ல பத்துப் புள்ளைங்கதான் படிக்கிதுன்னு ஸ்கூல மூடி பக்கத்து ஊரோட சேத்துட்டா, பேப்பர்ல அது மூணு கிலோமீட்டர், ஆனா நடுவுல ஓடை, பாலம் கெடையாது, ஐப்பசில அந்தப் புள்ளைங்க எப்படிப் போகும்? எங்க சின்னம்மாவுக்கு ஒரு ராத்திரி நெஞ்சு வலி வந்தப்ப நூத்தியெட்டு வர்றதுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. டிரைவர் தம்பிய ஒன்னும் சொல்ல முடியாது, அவரு பறந்துதான் வந்தாரு, வண்டி நிக்கற எடம் அம்புட்டு தூரம். நல்லவேளையா சின்னம்மா பொழச்சுக்கிட்டாங்க. எத்தன பேருன்னு மட்டும் பாக்காம எத்தன தூரம், நடுவுல என்ன ஓடை, மழைக்காலத்துல எந்த ரோடு அடைபடும்னு பாத்து இந்த ஊருங்களுக்கு தனிக் கணக்கு போடணும். இத மேப்ல பாத்தாலே போதும், புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல.

மாமாவுக்கு இப்ப எழுவத்தி நாலு வயசு. புரட்டாசி கடைசில போன் பண்ணேன், மூச்சு வாங்கிக்கிட்டே பேசுனாரு. மூணு பேரு சேந்து மம்பட்டியோட வரத்துக்காலை வெட்டி விட்டுக்கிட்டு இருக்காங்களாம், ஓடை வாய்ல ஒரு பாறை விழுந்து கெடக்காம், அத நகட்ட எளவட்டம் நாலு பேரு வேணும். "தீவாளிக்கு முந்தியே வந்துரு மாப்ள, வர்றப்ப கடப்பாரை ஒன்னு வாங்கிட்டு வா, இங்க உள்ளது மழுங்கிருச்சு"ன்னாரு. லீவு சொல்லிட்டேன்.